அவுட்டோரை எங்கே மாட்டுவது? ஏசி வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி!

பங்குனி பிறந்துவிட்டால் திருப்பூர் பக்கம் ஏசி கடைகளில் கூட்டம் களைகட்டிவிடும். கடைக்குள் நுழையும் குடும்பத்திடம் கேள்விகள் நிறைய இருக்கும். எத்தனை டன் போதும்? 3 ஸ்டாரா, 5 ஸ்டாரா? இன்வெர்ட்டர் ஏசியா? இ.எம்.ஐ. எவ்வளவு? கரன்ட் பில் எகிறிவிடுமா? எல்லாவற்றையும் கேட்டு, பேரம் பேசி, பணமும் கட்டி முடித்துவிடுவார்கள்.

ஒரு கேள்வி மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. இரண்டு நாள் கழித்து டிரில்லிங் மிஷினோடு வீட்டுக்கு வருகிறவர்தான் அதைக் கேட்பார். "அவுட்டோர் எங்கங்க மாட்டறது?"

அந்த நேரத்தில் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, கண்ணில் படும் சுவரைக் காட்டுவார். பைப் நீளம் குறைவாக வரும் இடம், எலிவேஷன் அழகைக் கெடுக்காத இடம், யாரும் ஆட்சேபிக்காத இடம். ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும். அடுத்த பத்து வருடத்துக்கு முப்பது, நாற்பது கிலோ இரும்பும் தாமிரமும் அங்கேதான் தொங்கப் போகிறது. அதன் கீழே யார் நடப்பார்கள் என்று அந்த ஐந்து நிமிடத்தில் யோசிப்பவர்கள் குறைவு.

டெல்லியில் நடந்தது

2024 ஆகஸ்ட் 17. டெல்லி கரோல் பாக் பகுதியில் உள்ள டோரிவாலான் என்ற இடம். மாலை நேரம். 18 வயது இளைஞர் ஒருவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தார். மேலே இரண்டாவது மாடியிலிருந்து ஏசியின் அவுட்டோர் யூனிட் பெயர்ந்து அவர் தலையில் விழுந்தது. அவர் உயிரிழந்தார். பக்கத்தில் நின்ற நண்பருக்கும் காயம். சிசிடிவியில் பதிவான அந்தக் காட்சி நாடு முழுக்க செல்போன்களில் பரவியது.

சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழும் பொருள் ஒரு நொடிக்குச் சற்று மேல் தரையைத் தொட்டுவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை நெருங்கியிருக்கும். கீழே நிற்பவருக்கு நிமிர்ந்து பார்க்கக்கூட அவகாசம் கிடையாது.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. எந்தத் தண்டனையாலும் போன உயிர் திரும்பப் போவதில்லை என்பது வேறு.

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளில் ஏசி மாட்ட அதற்கென்று பயிற்சி பெற்றவரைத்தான் அழைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அவுட்டோரைத் தாங்கும் ஸ்டாண்டும் துருப்பிடிக்காத ஸ்டீலில் இருக்க வேண்டும். நம் ஊரில் அந்தக் கவனத்தை வீட்டுக்காரர்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சுவர் தாங்குமா?

சேலம் - கொச்சி தேசிய நெடுஞ்சாலையில், திருப்பூருக்கு வடக்கே இருக்கிறது பெருமாநல்லூர். பனியன் கம்பெனிகள், நிட்டிங் யூனிட்டுகள், அவற்றை ஒட்டியே வீடுகள், வரிசையாக லைன் வீடுகள் என்று கலந்து கிடக்கிற ஊர். இந்த வட்டாரத்தில் சுவர் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. செங்கல் சுவர் உண்டு, ஹாலோ பிளாக் சுவர் உண்டு, பில்லர் எழுப்பி இடையில் லேசான பிளாக் வைத்த சுவரும் உண்டு. மேலே பூச்சு பூசி பெயின்ட் அடித்துவிட்டால் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும்.

முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். கான்கிரீட் பில்லர், பீம், கெட்டியான செங்கல் சுவர் என்றால் ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடிக்கும். ஹாலோ பிளாக் உள்ளே வெற்றிடம். ஓரத்தில் இருக்கும் மெல்லிய சிமென்ட் ஓட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போல்ட் நிற்கும். மிஷின் ஓடும்போது வரும் அதிர்வில் ஓட்டை மெல்ல மெல்லப் பெரிதாகும். இரண்டு கோடை தாங்கிவிட்டு மூன்றாவது கோடையில் பெயரக்கூடும். அப்படிப்பட்ட சுவரில்தான் மாட்டியாக வேண்டும் என்றால், சுவரைத் துளைத்து நீளமான போல்ட்டை உட்புறம் வரை கொண்டுபோய், அங்கே இரும்புத் தகடு வைத்து நட் முறுக்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் தரை அல்லது மொட்டை மாடிதான் நல்லது.

சுவரின் மேல் பூச்சுக்குத் தாங்கும் வலிமை கிடையாது. போல்ட் பூச்சைத் தாண்டி உள்ளே சுவருக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். டிரில் போடும்போது மணலாகக் கொட்டினாலோ, சட்டென்று உள்ளே இறங்கினாலோ, அந்த இடம் சரியில்லை என்று அர்த்தம். வேறு இடம் பாருங்கள் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

ஸ்டாண்ட் விஷயத்திலும் சிக்கனம் வேண்டாம். பெயின்ட் மட்டும் அடித்த இரும்பு ஸ்டாண்ட், கீறல் விழுந்த இடத்தில் துரு பிடிக்கத் தொடங்கும். கால்வனைஸ்டு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்டாண்ட் கூடுதல் விலைதான். ஆனால், ஏசியின் மொத்த விலையில் அது சிறு தொகை. மிஷினின் நான்கு காலுக்கும் கீழே ரப்பர் புஷ் வைத்து, நான்கு போல்ட்டையும் முறுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இரண்டை மட்டும் முறுக்கிவிட்டுப் போவதும் உண்டு.

சன்ஷேடு வேண்டாம்

தமிழ்நாட்டு வீடுகளில் அவுட்டோரின் செல்லமான இடம், ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடு. டிரில் போட வேண்டாம், ஸ்டாண்ட் வாங்க வேண்டாம் என்பதால் பலரும் அதையே காட்டுகிறார்கள்.

சன்ஷேடு மழையையும் வெயிலையும் மறைக்கக் கட்டியது. சுவரிலிருந்து இரண்டடி நீண்டு அந்தரத்தில் நிற்கும் மெல்லிய பலகை அது. மிஷினின் எடையோடு, சர்வீஸ் செய்ய வருபவரின் எடையும் அதன் மேல் சேரும். பழைய வீடு என்றால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கலாம். சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் விரிசலோ, கீழ்ப்பக்கம் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிவதோ இருந்தால் அதன் மேல் எதையும் வைக்கக் கூடாது. புது வீடு கட்டுபவர்கள் பிளான் போடும்போதே இன்ஜினீயரிடம் சொல்லி, அவுட்டோருக்கென்று கணக்குப் போட்ட தனி ஸ்லாப் அமைத்துக்கொள்வது உத்தமம்.

சிமென்ட் ஷீட், தகர ஷீட் கூரையின் மேல் அவுட்டோரை ஏற்றவே கூடாது. ஷீட் உடைந்து உள்ளே விழுந்தால் மிஷினோடு மனிதரும் விழுவார்.

சூட்டைக் கொட்டும் இயந்திரம்

கீழே விழாமல் இருந்தால் மட்டும் போதாது. அவுட்டோர் தன் வேலையைச் செய்யவும் இடம் வேண்டும்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. 'டன்' என்பதும் மிஷினின் எடை இல்லை. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவைப்படும் வெப்பத்தின் அளவுதான் அந்தப் பெயருக்குக் காரணம். 1.5 டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 5 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும். மிஷின் இழுக்கும் மின்சாரமும் சூடாகி அதோடு சேரும். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் ஆறேழை ஒரே நேரத்தில் போட்டு வைத்தால் எவ்வளவு சூடோ, அவ்வளவு. அயர்னிங் செக்ஷனில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தச் சூடு தடையில்லாமல் வெளியேற வேண்டும். மூடிய பால்கனி, குறுகலான சந்து, நான்கு பக்கமும் சுவர் உள்ள டக்ட் ஆகியவற்றில் வைத்தால், வெளியே தள்ளிய சூட்டையே மிஷின் திரும்ப இழுக்கும். கம்ப்ரஸர் திணறும், கரன்ட் அதிகம் இழுக்கும், அறை குளிராது. 5 ஸ்டார் கொடுத்து வாங்கிய லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது ஏசியோடு வரும் கையேட்டிலேயே படம் போட்டு இருக்கும். பொதுவாகப் பின்பக்கம் சுவரிலிருந்து ஓரடி, பைப் இணைக்கும் பக்கம் இரண்டடி, தலைக்கு மேலே இரண்டடி, காற்று வெளியேறும் முன்பக்கம் ஆறு அடி திறந்த வெளி இருந்தால் நிம்மதி. இடம் நெருக்கடி என்றால் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. திருட்டுக்குப் பயந்து கூண்டு போடுபவர்கள் அகலமான கண்ணுள்ள கிரில் போடலாம். தகரத்தால் மூடிவிடக் கூடாது.

ஆடிக் காற்றும் பஞ்சுத் தூசியும்

கொங்குப் பகுதிக்கு என்று இரண்டு விஷயங்கள் கூடுதலாக உண்டு.

ஒன்று காற்று. தென்மேற்குப் பருவக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, திருப்பூர் முழுக்க வீசியடிக்கும். அவுட்டோரின் ஃபேன் மேற்கு அல்லது தென்மேற்கு பார்த்திருந்தால், அது வெளியே தள்ளும் காற்றை எதிர்க்காற்று உள்ளே தள்ளும். ஸ்டாண்டும் மாதக்கணக்கில் ஆட்டம் காணும். பிற்பகல் வெயிலும் அதே மேற்குச் சுவரில்தான் அடிக்கும். அதனால் வடக்கு அல்லது கிழக்குச் சுவர் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு.

இன்னொன்று பஞ்சுத் தூசி. நிட்டிங் யூனிட், கட்டிங் செக்ஷன், வேஸ்ட் குடோன் அருகில் வீடு இருந்தால் ஜன்னல் கம்பியில்கூட மெல்லிய பஞ்சு படிந்திருப்பதைப் பார்க்கலாம். அவுட்டோரின் பின்பக்கம் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையே நூலிழை அளவு இடைவெளிதான் இருக்கும். ஃபேன் காற்றை இழுக்கும்போது பஞ்சும் வந்து அதில் போர்வை போலப் படிந்துவிடும். கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்துச் செலவு செய்த பிறகு, பஞ்சை எடுத்ததும் ஏசி சரியாகிவிடுவதும் நடக்கும்.

'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரே துணி மில்லோடு தொடர்புடையது. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கிரேமர் என்ற மில் இன்ஜினீயர், நூல் அறுந்துபோகாமல் இருக்க மில்லுக்குள் காற்றின் ஈரப்பதத்தைச் சீராக்கும் முறைக்கு 1906-ல் இந்தப் பெயரைச் சூட்டினார். அதே நூலின் தூசிதான் இன்று பனியன் ஊர்களில் ஏசிக்குத் தொந்தரவு!

கம்பெனி அருகில் வீடு உள்ளவர்கள், கை எட்டும் இடத்தில் அவுட்டோர் இருந்தால் மாதம் ஒருமுறை பின்பக்கத்தைப் பார்ப்பது நல்லது. மெயின் எம்.சி.பி.யை ஆஃப் செய்த பிறகு, மென்மையான பிரஷ்ஷால் பஞ்சை மேலிருந்து கீழாக எடுக்கலாம். பிரஷர் பம்ப்பால் பக்கத்தில் நின்று அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். கம்பெனியின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஊதும் திசையிலும், பாய்லர் புகை படும் இடத்திலும் அவுட்டோர் வைக்கவே வேண்டாம்.

மேலே ஏறுபவரும் ஒரு வீட்டுப் பிள்ளை

அவுட்டோரை ஒருமுறை மாட்டினால் முடிந்துவிடாது. சர்வீஸுக்கு, கேஸ் செக் செய்ய, வீடு மாறும்போது கழற்ற என்று பத்து வருடத்தில் பலமுறை யாராவது அதன் பக்கத்தில் போக வேண்டும். நிற்க இடமே இல்லாத வெளிச்சுவரில் மாட்டிவிட்டால், ஒவ்வொரு முறையும் ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று வேலை பார்க்க வேண்டும்.

இடத்தை முடிவு செய்யும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'நம் வீட்டுப் பையனை அங்கே ஏறி வேலை பார்க்கச் சொல்வோமா?' மனசு ஒப்பவில்லை என்றால் அது சரியான இடம் இல்லை. உயரத்தில்தான் வேலை என்றால் பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் ஏற விடாதீர்கள். கீழே குழந்தைகள் விளையாடாமலும் வண்டிகள் நிற்காமலும் அந்த நேரம் ஒருவர் காவலுக்கு நிற்கட்டும்.

தெருவில் போகும் ஈ.பி. லைனையும் பாருங்கள். கட்டடத்துக்கும் தாழ்வழுத்த மின்கம்பிக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், அதாவது சுமார் நான்கடி இடைவெளி வேண்டும் என்கிறது விதி. அவுட்டோரும், அதை மாட்ட வைக்கும் அலுமினிய ஏணியும் அந்த இடைவெளிக்குள் போகக் கூடாது.

பெரும்பாலான வீடுகளுக்கு மொட்டை மாடிதான் இதற்கெல்லாம் விடை. தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஸ்டாண்ட் வைத்து, அதைத் தளத்தோடு சேர்த்து முறுக்கி, கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி வைத்தால் போதும். தண்ணீர் கசியாமல் போல்ட் போட்ட இடத்தைப் பூசிவிட வேண்டும். நிழலுக்கு மேலே ஷீட் போடுவதானால் உயரமாக, நாலா பக்கமும் திறந்தபடி போடலாம். தாமிர பைப் நீளம் கூடும், அதற்கான செலவும் கூடும் என்பது உண்மை. மாடலுக்கு எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் வரை போகலாம் என்பது கையேட்டில் இருக்கும். நீளம் கூடினால் அதற்கேற்பக் கூடுதல் கேஸும் நிரப்ப வேண்டும்.

கரன்ட் விஷயம்

மிக்ஸி போடும் பிளக்கில் ஏசியைச் செருகுவது ஆபத்து. மெயின் போர்டிலிருந்து ஏசிக்கு என்று தனி லைன் வேண்டும். 1.5 டன் ஏசிக்குப் பொதுவாக 4 ஸ்கொயர் எம்.எம். தாமிர ஒயரும், அதற்குப் பொருத்தமான 16 அல்லது 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் போடுகிறார்கள். அவுட்டோருக்குப் போகும் ஒயரை வழியில் முறுக்கி டேப் சுற்றி இணைக்கக் கூடாது. மழையில் நனையும் இடம் அது.

எர்த் கட்டாயம். அவுட்டோரின் உடல் முழுக்க இரும்பு. உள்ளே ஒரு ஒயர் உரசினாலும் மொத்தமும் ஷாக் அடிக்கும். ஈரக் காலோடு மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகிறவர் அதைத் தொட்டுவிடலாம். எர்த்தோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருந்தால், மின்கசிவு ஏற்பட்ட கணமே கரன்ட் நின்றுவிடும். துணி காயும் கொடியை அவுட்டோரிலோ, அதன் ஸ்டாண்டிலோ கட்டாதீர்கள்.

கேஸ் வேலையில் குறுக்கு வழி கூடாது

இப்போது வரும் பெரும்பாலான வீட்டு ஏசிகளில் ஆர்-32 என்ற வாயு இருக்கிறது. பழைய வாயுக்களைவிடப் பூமியைச் சூடாக்கும் தன்மை இதற்குக் குறைவு. ஆனால், லேசாகத் தீப்பற்றக் கூடியது. சில மாடல்களில் இருக்கும் ஆர்-290 என்பது புரொப்பேன். அடுப்பு கேஸின் உறவு. ஒழுங்காக மாட்டினால் இரண்டும் பாதுகாப்பானவையே. சமையலறை சிலிண்டர், ஜெனரேட்டர், விறகடுப்பு ஆகியவற்றின் பக்கத்திலும், கசியும் வாயு தேங்கி நிற்கும் பள்ளமான இடத்திலும் அவுட்டோர் வேண்டாம்.

மாட்ட வருபவரிடம் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, பைப் இணைத்ததும் வேக்குவம் பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளும் பழைய பழக்கத்துக்குச் சம்மதிக்காதீர்கள். இரண்டாவது, பைப்பில் லீக் இருக்கிறதா என்று பார்க்க நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் உடனே நிறுத்துங்கள். கம்ப்ரஸர் ஆயிலோடு ஆக்ஸிஜன் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும்.

மூன்றாவது, வீடு மாறும்போது வரும் ஆபத்து. வாடகை வீட்டுக்காரர்கள் அதிகம் உள்ள ஊர்களில் ஏசியைக் கழற்றி மாட்டுவது சகஜம். கழற்றும் முன் கேஸ் முழுவதையும் அவுட்டோருக்குள் இழுத்து அடைப்பார்கள். வால்வுகளை மூடி, கம்ப்ரஸரை நிறுத்திய பிறகுதான் பைப்பைக் கழற்ற வேண்டும். கம்ப்ரஸர் ஓடும்போதே பைப்பைத் தளர்த்தினால் வெளிக்காற்று உள்ளே போய், ஆயிலோடு அழுந்தி, டீசல் இன்ஜினுக்குள் நடப்பதுபோல் தீப்பிடித்து வெடிக்கக்கூடும். ஷிஃப்டிங்கில் நூறு இருநூறு மிச்சம் பிடிப்பதைவிட, விஷயம் தெரிந்த டெக்னீஷியனைக் கூப்பிடுவது முக்கியம்.

பக்கத்து வீட்டையும் நினையுங்கள்

அடுத்த வீட்டு ஜன்னலுக்கு நேராக அவுட்டோர் சூட்டை ஊதினால், நீங்கள் குளிரில் தூங்கும் இரவில் அவர்கள் வியர்வையில் புரள்வார்கள். லைன் வீடுகளில், பொதுச் சந்தில் இரண்டு மூன்று அவுட்டோர்கள் ஓடினால் சந்தே அடுப்பாகிவிடும். ஏசி இல்லாத வீட்டுக்குத்தான் அந்தப் பாதிப்பு அதிகம். உள் யூனிட்டின் தண்ணீர்க் குழாயையும் அடுத்தவர் வாசலில் சொட்டவிடாமல் உங்கள் பக்கத்திலேயே இறக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதா?

இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். கீழே நின்று பாருங்கள். செல்போன் கேமராவை ஜூம் செய்தாலே பல விஷயம் தெரிந்துவிடும்.

• ஸ்டாண்டில் துரு வழிந்த பழுப்புக் கோடு சுவரில் இறங்கியிருக்கிறதா?
• போல்ட்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா? ஸ்டாண்ட் சுவரை விட்டு விலகியிருக்கிறதா?
• மிஷின் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா?
• ஓடும்போது முன்பு இல்லாத கடகடச் சத்தம் கேட்கிறதா?
• ஒயரின் மேலுறை வெயிலில் வெடித்திருக்கிறதா? அணில் கடித்திருக்கிறதா?
• பின்பக்கம் பஞ்சு மூடியிருக்கிறதா?

சாய்வு, விரிசல், ஆட்டம் இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ஏசியை ஆஃப் செய்துவிட்டு, கீழே யாரும் நடமாடாதபடி தடுத்து வைத்துவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். நீங்களே ஏறி ஆட்டிப் பார்க்க வேண்டாம். எந்தக் குறையும் இல்லை என்றாலும் கோடை தொடங்கும் முன்பு ஒருமுறை, ஆடிக் காற்று முடிந்ததும் ஒருமுறை என வருடத்துக்கு இரண்டு தடவை இதைப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். கடைக்குக் கிளம்பும் முன் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கீழே யாரும் நடக்காத, மேலே ஒருவர் பயமில்லாமல் நிற்கக்கூடிய, சூடு யார் முகத்திலும் அடிக்காத இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விலை கேட்கும்போதே அந்தப் போட்டோவைக் காட்டி, பைப்புக்கும் ஸ்டாண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். டிரில்லிங் மிஷினோடு வருபவர் "எங்கங்க மாட்டறது?" என்று கேட்கும்போது, பதில் உங்களிடம் தயாராக இருக்கும்.